கஞ்சமலை இரும்பும் ஹீத்தின் காப்புரிமையும்

காப்புரிமை என்பது அரசும் கண்டுபிடிப்பாளரும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். புதிதாகக் கண்டதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டியது கண்டுபிடிப்பாளரின் கடமை. குறிப்பிட்ட காலம்வரை அதைப் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அவருக்கு வழங்குவது அரசின் கடமை. காலம் முடிந்ததும் எழுதிக் கொடுத்த அறிவு எல்லாருக்கும் பொதுவாகிவிடும். வெனிஸ் நகர அரசு 1474இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 1624ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு காலத்துக்கு இந்த உரிமையை அனுமதித்தது. இப்போது இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் காலவரம்பு 20 ஆண்டுகள்.

ஒரு கண்டுபிடிப்பாளரைச் சமுதாயம் சிறப்பிக்கும் வழிகளில் பதக்கமும் பாராட்டும் பிற்காலத்தில் வருபவை. காப்புரிமைதான் முதலில் கிடைக்கும் அங்கீகாரம். ஆனால் அது எழுத்தை நம்பி நிற்கிறது. எழுதாதவருக்கு அதில் இடமில்லை. குறைத்து எழுதியவருக்குக் குறைந்த இடமே உண்டு. எழுதியும் கட்டணம் கட்டத் தவறியவரின் இடம் பறிபோகும். சேலம் இரும்பின் வரலாற்றில் இந்த மூன்று வகையினரும் அடுத்தடுத்து வருகிறார்கள்.

மலையும் தாதும்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, இளம்பிள்ளைக்குப் போகும் வழியில் எழுந்து நிற்பது கஞ்சமலை. அதன் அடிவாரத்துச் சித்தர் கோவில் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. மலையின் பாறையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாதும் வெண்ணிறப் படிகக்கல்லும் பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கின்றன. இதே வகைத் தாது கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை ஆகிய இடங்களிலும் உண்டு. சேலம் தாதின் 100 பங்கில் ஏறத்தாழ 52 பங்கு காந்த இரும்பு ஆக்சைடு, 48 பங்கு படிகக்கல் என்று 19ஆம் நூற்றாண்டில் கணக்கிடப்பட்டது. மேக்னடைட்டின் எடையில் 72 விழுக்காடு இரும்பு என்பதால், பாறையின் மொத்த எடையில் இரும்பு 37 விழுக்காட்டை ஒட்டி வரும்.

இது வளமான தாது அல்ல. ஆனால் சிறிய உலைக்குத் தோதானது. இடித்தால் தாதும் படிகக்கல்லும் பிரிந்துவிடும். தாது கனமானது, படிகக்கல் லேசானது. எனவே இடித்த பொடியை ஓடும் நீரில் அலசியோ, அரிசியிலிருந்து உமியைப் போக்குவதுபோல முறத்தில் புடைத்தோ தாதைப் பிரித்தெடுத்தார்கள். மழைக்காலத்து ஓடைகள் மலையிலிருந்து அடித்து வரும் கருமணலும் அதே தாதுதான்.

இப்பகுதியில் இரும்புத்தொழிலின் பழமை மிக நீண்டது. மேட்டூர் அருகே தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் கிடைத்த இரும்புப் பொருள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை என்று கதிரியக்கக் கரிமக் கணிப்பு காட்டியுள்ளது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழ்வில் வெளிப்பட்டன.

இரண்டரை மணி நேரத்தில் எஃகு

சேலம் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த உருக்கு வேலையின் விரிவான பதிவு ஒன்று 1839இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். வேலை இரண்டு கட்டமாக நடந்தது.

முதற்கட்டத்தில் தாதிலிருந்து தேனிரும்பு என்னும் கரிமம் குறைந்த இரும்பு எடுக்கப்பட்டது. உலை களிமண்ணால் ஆனது. நான்கைந்து அடி உயரம்; அடியில் இரண்டடி, வாயில் ஓரடி அகலம். சில மணி நேரத்தில் கட்டி முடித்து மறுநாளே பயன்படுத்தலாம். வயிற்றைக் கிழிக்காமல் முழுதாக உரித்த இரண்டு ஆட்டுத்தோல்களே துருத்திகள். அவற்றின் மூக்கு மூங்கில். அது உலைக்குள் செல்லும் இடத்தில் களிமண் குழாய். உலையை மரக்கரியால் நிரப்பித் தீ மூட்டியபின், நீர் தெளித்து ஈரமாக்கிய தாதைச் சிறிது சிறிதாக மேலே தூவினார்கள். ஈரமில்லாத பொடி கரியின் இடுக்கு வழியாக அடிக்குச் சரிந்துவிடும் என்பதே காரணம். கரியும் தாதும் மாறி மாறி மூன்று நான்கு மணி நேரம் போட்டபின் உலையின் முகப்பை உடைத்து, செந்நிறக் கட்டியை இடுக்கியால் இழுத்து, மரச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிந்தார்கள். சூடு தணிவதற்குள் கட்டியைக் கோடரியால் பாதியாகப் பிளந்துவிடுவது வழக்கம். வாங்க வருபவர் உள்ளே இருக்கும் தரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டத்தில் தேனிரும்பு எஃகானது. களிமண்ணோடு கருக்கிய உமியைத் தாராளமாகக் கலந்து சிறு மூசைகள் செய்தார்கள். ஒரு மூசைக்குள் சிறு துண்டுகளாக நறுக்கிய இரும்பு. பெரும்பாலும் ஒரு ராத்தலுக்கு மேல் போகாது. அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்குச்சித் துண்டுகள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலைகள். பிறகு மூசையின் வாயில் பதமான களிமண்ணை இறுக்கி அடைத்து உலர்த்தினார்கள். இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளை ஒரு சிற்றுலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதியதும் வேலை முடிந்தது. ஆறிய மூசையை உடைத்தால் எஃகு ஒரு சிறு அடையாகக் கிடைத்தது. அடையின் மேற்பரப்பில் நடுவிலிருந்து கதிர்போல விரியும் கோடுகள் இருந்தால் நன்றாக உருகியது என்று பொருள். அரைகுறையாக உருகிய அடை பொள்ளலும் ஓட்டையுமாக இருக்கும். நல்ல அடையில் கரிமம் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். ஆகவே உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் காய்ச்சி, மிகுதியான கரிமத்தை எரித்துவிட்டுத்தான் கம்பியாக அடித்தார்கள்.

இந்த நேரக் கணக்கு ஹீத்தை வியக்க வைத்தது. அன்றைய இங்கிலாந்தில் இரும்புப் பாளங்களைக் கரித்தூளோடு பெட்டியில் அடுக்கிப் பல நாள் சூடேற்றி, அதன்பின் மீண்டும் மூசையில் உருக்கித்தான் வார்ப்பு எஃகு எடுத்தார்கள். சேலத்து மூசை இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தது. இரும்புக்குள் கரிமம் திடநிலையில் ஊடுருவுவது மிக மெதுவாக நடக்கும். மூடிய மூசைக்குள்ளோ குச்சியும் பச்சிலையும் வெந்து ஹைட்ரோகார்பன் வாயுக்களை விடுகின்றன. அவற்றிலிருந்து கரிமம் விரைவாக இரும்பில் ஏறுகிறது. கரிமம் ஏற ஏற இரும்பின் உருகுநிலை குறைகிறது. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரிமம் ஒன்றரை விழுக்காட்டை நெருங்கும்போது இதைவிட நூறு டிகிரிக்கு மேல் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆட்டுத்தோல் துருத்தியால் எட்டக்கூடிய வெப்பம் அது.

மூசையும் லண்டன் காப்புரிமைகளும்

இந்த வகை எஃகைச் சேலத்தில் மட்டுமன்றி மைசூர், தெலங்கானா பகுதிகளிலும் செய்தார்கள். ஐரோப்பியர் அதை வூட்ஸ் என்று அழைத்தார்கள். பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை படித்தார். 1805இல் டேவிட் மஷெட் தன் சோதனைகளை வெளியிட்டார். மைக்கேல் ஃபாரடே தன் தொடக்கக் கால ஆய்வுகளில் சிலவற்றை இந்த எஃகின்மீது செய்தார். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820லும் 1822லும் எஃகுக் கலவைகள் பற்றி எழுதினார்.

இதே ஆண்டுகளில் இரண்டு ஆங்கிலக் காப்புரிமைகள் பதிவாயின. தேனிரும்பைக் கரிமப் பொருளோடு மூசையில் உருக்கி நேரடியாக வார்ப்பு எஃகு செய்யும் முறைக்கு டேவிட் மஷெட் 1800இல் பெற்றது ஒன்று. ஹைட்ரோகார்பன் வாயுவில் இரும்பைச் சூடேற்றி எஃகாக்கும் முறைக்குச் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1825இல் பெற்றது மற்றொன்று. மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்ற அதே மெக்கின்டாஷ்தான் இவர். இந்த இரண்டு காப்புரிமைகளின் தத்துவமும் சேலத்து மூசைக்குள் ஒன்றாக அடங்கியிருப்பதாக ஹீத் தன் கட்டுரையில் சுட்டினார்.

அப்படியானால் அந்தக் காப்புரிமைகள் செல்லாதவை ஆகியிருக்க வேண்டாமா? அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ஆகவில்லை. புதுமை என்பது அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும் பார்க்கப்பட்டது. கடல் கடந்த நாட்டில் காலங்காலமாக நடக்கும் தொழிலும் இங்கிலாந்தில் அறியப்படாததாக இருந்தால் புதுமையே. வெளிநாட்டு முறையை முதலில் கொண்டுவந்தவரையே முதல் கண்டுபிடிப்பாளராக நீதிமன்றங்கள் ஏற்றன. சேலத்துக் கொல்லரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாததற்கு அவருடைய அறிவில் குறை எதுவும் காரணமல்ல. அந்த அறிவு எழுத்தில் இல்லை, எழுதிக் கொடுக்க அன்று இந்தியாவில் காப்புரிமைச் சட்டமும் இல்லை.

பரங்கிப்பேட்டை ஆலை

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர். சேலம் பகுதியில் வணிக அதிகாரியாகப் பணிபுரிந்தபோது தாதின் வளத்தையும் உள்ளூர் எஃகின் தரத்தையும் கண்டார். பணியை விட்டு இங்கிலாந்து சென்று இரும்புத்தொழிலைக் கற்றுத் திரும்பி, கம்பெனி அரசிடம் முன்பணமும் சலுகைகளும் பெற்று, 1830இல் கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஊதுலையை நிறுவினார். இந்தியாவில் பெரிய அளவில் நடந்த முதல் ஊதுலை முயற்சிகளுள் இது ஒன்று. பின்னர் கேரளக் கரையில் பேப்பூரிலும், கஞ்சமலைப் பக்கம் பாலம்பட்டியிலும், திருவண்ணாமலையிலும் உலைகள் எழுந்தன.

சேலம் தாது பரிசல்களில் ஆற்றுவழியாகக் கடற்கரைக்குப் போனது. இரும்பு தரமாகவே இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர எஃகு உற்பத்தியாளர்கள் அதை வாங்கினார்கள். ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை. ஊதுலைக்கு வேண்டிய மரக்கரி மலைபோல் தேவைப்பட்டது. சுற்றுவட்டாரக் காடுகள் வெட்ட வெட்டக் கரி கிடைக்கும் தூரம் கூடியது. தூரம் கூடக் கூட வண்டிக்கூலி ஏறியது. இங்கிலாந்திலோ நிலக்கரி கொண்டு மலிவாக இரும்பு செய்தார்கள். நிறுவனம் கை மாறி, பெயர் மாறி, 1870களுக்குள் ஓய்ந்துபோனது. அதற்கு வெகு முன்பே ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய்விட்டார்.

மாங்கனீசு செய்யும் வேலை

ஷெஃபீல்டில் ஹீத் கண்டது வேறொரு சிக்கல். நல்ல வார்ப்பு எஃகுக்கு அங்குள்ளவர்கள் ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தார்கள். அது விலை கூடியது. உள்நாட்டு இரும்பில் செய்த எஃகு சூட்டில் அடிக்கும்போது விரிசல் விட்டது. தேனிரும்போடு ஒட்டவும் மறுத்தது. கத்தியின் முதுகுக்குத் தேனிரும்பும் விளிம்புக்கு எஃகும் வைத்து ஒட்டுபவர்களுக்கு இது பெரிய குறை.

குற்றவாளி கந்தகம். நிலக்கரியிலிருந்து வரும் கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. இரும்பும் இந்தச் சல்ஃபைடும் கலந்த கலவை 988 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். எஃகு இறுகும்போது இது மணிகளின் எல்லைகளில் மெல்லிய படலமாகத் தங்கும். கொல்லர் எஃகை மீண்டும் செஞ்சூடாக்கும்போது அந்தப் படலம் மட்டும் உருகி வழிவிட, சம்மட்டி விழுந்ததும் கட்டி பிளக்கும். மாங்கனீசு இருந்தால் நிலைமை மாறும். கந்தகத்துக்கு இரும்பைவிட மாங்கனீசின்மீது பற்று அதிகம். உண்டாகும் மாங்கனீசு சல்ஃபைடு உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். அது படலமாகப் பரவாமல் தனித்தனி உருண்டைகளாக நின்றுவிடும். உருகிய எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிசனையும் மாங்கனீசு பிடித்துக் கசடோடு வெளியேற்றிவிடும்.

இந்த வேதியியல் முழுவதும் ஹீத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விளைவு தெரிந்திருந்தது. 1839 ஏப்ரல் 5 தேதியிட்ட காப்புரிமையில், மூசையில் இடும் இரும்பின் எடைக்கு ஒன்று முதல் மூன்று விழுக்காடு மாங்கனீசு கார்பைடு சேர்த்து வார்ப்பு எஃகு செய்யும் முறையை அவர் பதிவுசெய்தார். மலிவான உள்நாட்டு இரும்பிலிருந்து நல்ல எஃகு வந்தது. ஷெஃபீல்டு சந்தையில் எஃகின் விலை சரிந்தது. இது சேலத்து முறையின் நகல் அல்ல. ஆனால் எஃகு மூசைக்குள் எதைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியை ஹீத் முதலில் சந்தித்த இடம் சேலம்.

ஹீத் எதிர் அன்வின்

மாங்கனீசு கார்பைடைத் தனியே தயாரித்துச் சிறு பொட்டலங்களாக விற்பது ஹீத்தின் வணிகம். அந்த விற்பனைக்கு அன்வின் என்பவரை முகவராக வைத்திருந்தார். கார்பைடு செய்வதற்குச் செலவு அதிகம். அதைச் செய்ய உதவும் மூலப்பொருள்களான மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித் தாரையும் அப்படியே மூசையில் போட்டால் சூட்டில் கார்பைடு தானாகவே உண்டாகி, அதே பலனைத் தந்தது. செலவோ மிகக் குறைவு. இதை ஹீத் அன்வினிடம் சொன்னார். அன்வின் பிரிந்து போய், காப்புரிமைக்குப் பணம் கட்டாமல் அந்த மலிவான முறையைத் தானே செய்யத் தொடங்கினார்.

ஹீத் வழக்குத் தொடுத்தார். வழக்கு 1840களிலிருந்து ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கியது. ஒவ்வொரு படியிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: காப்புரிமையில் எழுதியிருப்பது மாங்கனீசு கார்பைடு. அன்வின் மூசையில் போட்டது ஆக்சைடும் தாரும். அவை உள்ளே கார்பைடாக மாறினாலும், போட்டது கார்பைடு அல்லவே?

1851இல் ஹீத் இறந்தார், வழக்கு முடியவில்லை. 1855இல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு வழங்கியது. கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பாலோர் ஹீத் பக்கம் நின்றும், சபை அன்வின் பக்கமே தீர்த்தது. 1839இல் காப்புரிமை எழுதப்பட்டபோது ஆக்சைடும் தாரும் மூசைக்குள் கார்பைடுக்கு ஈடாகும் என்பது யாருக்கும் தெரியாது, ஹீத்துக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை அவர் கோரியதாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பில் தர்க்கம் இருக்கிறது. காப்புரிமை பொதுமக்களுக்கு ஓர் எல்லைக்கோடு. எது வேலிக்கு உள்ளே, எது வெளியே என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், கருத்தைத் திருடிச் சொல்லை மாற்றுபவர் தப்பிவிடுவார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரேவர் டேங்க் வழக்கில் வேறு பாதையில் சென்றது. அங்கும் மாங்கனீசே நடுவில் நின்றது. வெல்டிங் பொடிக்கான காப்புரிமை மக்னீசியம் போன்ற காரமண் உலோகங்களின் சிலிகேட்டைச் சொன்னது. போட்டி நிறுவனம் அதற்குப் பதில் மாங்கனீசு சிலிகேட்டைப் பயன்படுத்தியது. இரண்டும் ஒரே வேலையை, ஒரே வழியில் செய்து, ஒரே பலனைத் தருவதால் இது காப்புரிமை மீறலே என்று நீதிமன்றம் தீர்த்தது. ஈடான பொருள் பற்றிய இந்தக் கோட்பாடு இன்று பல நாட்டு நீதிமன்றங்களில், இந்திய நீதிமன்றங்கள் உட்பட, விவாதிக்கப்படுகிறது.

மஷெட் கட்டத் தவறிய தொகை

ஹீத் வழக்கு முடிந்த மறு ஆண்டு, 1856இல், ஹென்றி பெசமர் உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தார். முறையை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். காற்று ஊதும்போது கரிமத்தோடு மாங்கனீசும் எரிந்துபோய், எஃகில் ஆக்சிசன் தங்கிவிட்டது. சூட்டில் அடித்ததும் உடைந்தது. டேவிட் மஷெட்டின் மகன் ராபர்ட் மஷெட் அதே ஆண்டு இதற்கு மருந்து கண்டார். ஊதி முடித்தபின், மாங்கனீசும் கரிமமும் நிறைந்த ஸ்பீகெலைசன் என்னும் வார்ப்பிரும்பைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். மாங்கனீசு ஆக்சிசனை வெளியேற்றியது. கரிமம் எஃகுக்கு வேண்டிய அளவுக்கு ஏறியது.

மஷெட் காப்புரிமை பெற்றார். அதை உயிரோடு வைத்திருக்க மூன்றாம் ஆண்டில் 50 பவுன் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். 1859இல் அது கட்டப்படாமல் போனது, காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அதன்பின் உலகமெங்கும் பெசமர் உலைகள் மாங்கனீசு சேர்த்தன. மஷெட்டுக்கு ஒரு காசும் வரவில்லை. பெசமருக்கோ உரிமைத்தொகையாகப் பத்து லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. மாங்கனீசின் பயன் ஹீத்தின் காப்புரிமை மூலம் முன்பே ஊரறிந்த செய்தி என்பது பெசமர் தரப்பு வாதம். ஹீத்துக்குப் பலன் தராத அதே ஆவணம் மஷெட்டுக்கு எதிரான சான்றாயிற்று.

1866இல் மஷெட்டின் 16 வயது மகள் மேரி தனியாக லண்டன் சென்று பெசமரைச் சந்தித்து, தன் தந்தையின் உழைப்பால் அவர் செல்வம் சேர்த்ததாக நேரில் கூறினார். பெசமர் மஷெட்டுக்கு ஆண்டுக்கு 300 பவுன் கொடுக்கத் தொடங்கினார். 1891இல் மஷெட் இறக்கும்வரை அது தொடர்ந்தது. 1876இல் பிரிட்டனின் இரும்பு எஃகுக் கழகம் மஷெட்டுக்குப் பெசமர் தங்கப்பதக்கம் அளித்தது. தன் பெயரை மறைத்தவரின் பெயர் தாங்கிய பதக்கம் அது. அதற்கு முன்பே மஷெட் பாடம் கற்றிருந்தார். 1868இல் அவர் கண்ட டங்ஸ்டன் கலந்த எஃகைக் காப்புரிமைக்குக் கொண்டுபோகாமல் தொழில் இரகசியமாகவே வைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் நம்பிக்கை இழந்த கண்டுபிடிப்பாளர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தினால் இழப்பு சமுதாயத்துக்கு.

ஒப்பந்தம் நன்றாக நடந்த எடுத்துக்காட்டும் இதே மாங்கனீசு வழியில் உண்டு. ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1880களில் 12, 13 விழுக்காடு மாங்கனீசு கலந்த எஃகுக்குக் காப்புரிமை பெற்றார். அடிபட அடிபட மேற்பரப்பு கடினமாகும் எஃகு அது. ரயில் தண்டவாளக் குறுக்குகளில் இன்றும் அதுவே இருக்கிறது. நாமக்கல், கரூர் பக்கத்துக் கல் கிரஷர்களில் பாறையைக் கடித்து நொறுக்கும் ஜா பிளேட்டுகள் அந்த எஃகின் வழிவந்தவை. காப்புரிமைக் காலம் முடிந்து எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்ட அறிவை எந்த வார்ப்படப் பட்டறையும் இன்று தடையின்றிப் பயன்படுத்துகிறது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பாதி நிறைவேறுவது இப்படித்தான்.

இந்தியச் சட்டம் கற்ற பாடங்கள்

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் பங்கா என்னும் தொங்குவிசிறியை இழுக்கும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்து முதல் எண்ணைப் பெற்றார். அரசியின் முன் ஒப்புதல் இல்லை என்பதால் அந்தச் சட்டம் 1857இல் கைவிடப்பட்டு, 1859இல் புதிதாக இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பின் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்று நடப்பில் உள்ளது.

எழுதாதவரின் குறையை இந்தச் சட்டம் பாதி தீர்க்கிறது. மரபு அறிவோ அதன் கூட்டோ கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 3(p) என்னும் உட்பிரிவு. உள்ளூர்ச் சமூகத்தாரிடம் வாய்மொழியாக இருக்கும் அறிவையும், அது இந்தியாவில் இருந்தாலும் வேறெங்கிருந்தாலும், சான்றாகக் காட்டி ஒரு காப்புரிமையை எதிர்க்கலாம். வழங்கியபின் நீக்கவும் கோரலாம். 1800ஆம் ஆண்டு மஷெட் முறை இன்று இந்தியாவில் விண்ணப்பமாக வந்தால் சேலத்துக் கொல்லரின் வாய்ச்சொல்லே அதை நிறுத்தப் போதும். அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் பெற்ற காப்புரிமையை எதிர்க்க, அச்சில் வந்த சான்றுகள் தேவைப்பட்டன. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 32 ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்தபின் 1997இல் அது நீக்கப்பட்டது. சேலம், ஈரோடு மஞ்சள் மண்டிகளில் யாரும் எழுதிவைக்கத் தேவையென்று நினைக்காத அறிவு அது. 2001 முதல் மரபு அறிவு எண்ணிம நூலகம் இத்தகைய சான்றுகளை முன்கூட்டியே தொகுத்து வைக்கிறது. ஆனால் இவையெல்லாம் பிறர் எடுத்துக்கொள்வதைத் தடுப்பவையே. அறிந்தவருக்குப் பணமோ பெயரோ தருபவை அல்ல.

கட்டணம் தவறியவருக்கும் இப்போது வழி இருக்கிறது. புதுப்பிப்புக் கட்டணத்தை ஆறு மாதம் தாமதித்தும் கட்டலாம். அதுவும் தவறிக் காப்புரிமை காலாவதியானால், தவறியது வேண்டுமென்றே அல்ல என்று காட்டி, 18 மாதத்துக்குள் மீட்டுத் தரக் கோரலாம். மஷெட்டுக்கு இந்த வாய்ப்பு இருந்திருந்தால் பெசமர் எஃகின் கணக்கே மாறியிருக்கும்.

பெயரைப் பொறுத்தவரை, காப்புரிமையின் உடைமையாளர் நிறுவனமாக இருந்தாலும் உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயரைக் குறிப்பிட 28ஆம் பிரிவு இடம் தருகிறது. 2024ஆம் ஆண்டு விதித்திருத்தம் கண்டுபிடிப்பாளருக்குத் தனிச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சம்பளத்துக்கு வேலை செய்யும் பொறியாளரின் பெயர் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் மறையாமல் இருக்க இது உதவும்.

குறைத்து எழுதும் சிக்கல்தான் இன்னும் தீராதது. ஹீத்தின் வழக்கு காட்டியதுபோல், கண்டுபிடிப்பைவிட அதை வர்ணிக்கும் கோரல்களை வரைவதே கடினம். செய்துபார்த்த ஒரு வழியை மட்டும் எழுதாமல், அதே பலனைத் தரக்கூடிய மாற்றுப் பொருள்களையும் மாற்று வழிகளையும் யோசித்து எழுத வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் தென் மாநிலங்களின் விண்ணப்பங்களைப் பெறுகிறது. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. கட்டணம் எட்டக்கூடியதே. ஆனால் விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறையிலோ நாமக்கல் லாரி பாடி கட்டும் கூடத்திலோ புதிய ஒன்றைச் செய்துகாட்டும் மேஸ்திரி, தன் கண்டுபிடிப்பை வேறொருவர் எழுத்தில்தான் பார்க்க முடியும். எழுதுபவர் விட்ட இடத்தில் உரிமையும் விடுபட்டுப் போகும்.

கூட்டாகச் செய்தவர்களுக்கு

தனி ஒருவரைக் காட்ட முடியாத அறிவுக்கு இந்தியச் சட்டத்தில் உள்ள இடம் புவிசார் குறியீடு. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. ஓர் ஊரின் மண்ணாலோ கைத்திறத்தாலோ தனித்தன்மை பெற்ற பொருளின் பெயரை, அந்த ஊர் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொதுவாக இது காக்கிறது. காலாவதியாகாமல் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சேலம் துணி இந்தக் குறியீடு பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதி நின்றதால் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சேலத்தில் செய்யத் தொடங்கிய ஜவ்வரிசிக்கு 2023இல் கிடைத்தது. இந்தச் சட்டமும் பொருளின் பெயரைக் காக்குமே ஒழிய, செய்முறையைக் காப்பதில்லை.

ஆக, ஒரு கண்டுபிடிப்பைச் சட்டம் மூன்று வகையில் ஏற்கிறது. எழுதிக் கொடுத்த தனிநபருக்குக் காப்புரிமை. பெயர் சொல்லும் ஊருக்குப் புவிசார் குறியீடு. எழுதாத மரபறிவுக்கு, பிறர் அதைத் தமதென்று பதியாதபடி ஒரு தடை. கஞ்சமலை அடிவாரத்தில் 1970இல் அடிக்கல் நாட்டி 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, ஊர்மக்கள் சொல்லும் இரும்பாலை, அந்த மலையின் தாதை எடுப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகு செய்கிறது. மூசையில் எஃகு செய்யும் வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே ஓய்ந்துவிட்டது. எனவே அந்தக் கொல்லர்களுக்கு மூன்று ஏற்பாடுகளில் எதுவும் இனி உதவாது. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் அங்கீகாரம் வரலாற்று நூல்களில் உள்ள குறிப்புகளே. அவற்றிலும் மிக விரிவானது, தன் காப்புரிமையைக் காக்க முடியாமல் இறந்த ஹீத் எழுதியது.